ஐந்நூற்று அறுபது கிலோவுக்குள் எட்டுப் பேர்

உடம்பை இளைக்க வைப்பதைப் பற்றி எழுத நான் யார் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டு வரைக்கும்தான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கொழுந்து வந்த நேரம், காற்றாடி போட்ட நேரம், நிறுத்திய நேரம் என்று வேலையிடத்தில் வைத்திருக்கும் கொப்பியில் எழுதியவைதான். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் திறக்காது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கிற ஒரே தகுதி, தப்பாக நினைக்கக்கூடிய அத்தனையையும் மூன்று மாதத்துக்குள் நானே ஒருவனாக நினைத்து முடித்தது.

மலைநாட்டில் ராகலை ஊருக்கு மேலே எங்கள் தோட்டம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் எனக்கு வேலை. மலையிலிருந்து லொறியில் வருகிற பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்புவோம். அடியிலிருந்து காற்றாடி ஊதும். சாயந்தரம் விறைப்பாக இருந்த கொழுந்து விடியும்போது துணி மாதிரி துவண்டு கிடக்கும். எடை பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். இருபத்தைந்து வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மூளை கெட்டதற்கு இதுதான் காரணம் என்று என் மனைவி சொல்வாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

சித்திரைப் புது வருடத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் சேர்ந்து விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். அதில் கயிறு இழுக்கிறதுதான் பெரிது. தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனின் கூட்டத்தில் நான் கடைசி ஆள். கயிறு அக்குளுக்குக் கீழே வந்து, முதுகைச் சுற்றி, மற்றத் தோள் மேலே ஏறி இறங்கும். நான் குதிகாலை மண்ணில் புதைத்துப் பின்னால் சாய்ந்துகொள்வேன். முன்னால் இருக்கிற ஏழு பேருடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும். யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். நானும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த இடம் என்னுடையது.

இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கல்யாண வீட்டில் நான் சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பேன், யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க. கோயில் கமிட்டியில் போட்டார்கள், இரண்டு கூட்டத்தோடு விலகிவிட்டேன். ஊரோடு சேர்ந்து நான் நிற்கிற இடம் வருடத்தில் ஒரு நாள், அந்தக் கயிற்றின் கடைசியில்தான். அது போனால் எனக்கு வேறு இடம் கிடையாது.

தைப்பொங்கல் முடிந்த வாரம் விழாக் குழுவின் கூட்டத்துக்குப் போன என் மச்சான் ஒரு புதுச் சட்டத்தோடு வந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடியை வெட்டுகிற ஆட்களுக்கு மேலே நின்று வேலை வாங்குகிறவர். கயிறு கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர், மூன்றாவது ஆளாக நின்று இழுப்பார். போன வருடம் ஒரு தோட்டம் மரக்கறி மூட்டை தூக்குகிற ஆட்களாகப் பார்த்துக் கூட்டி வந்து எல்லோரையும் மைதானத்தின் மறுகோடி வரை இழுத்துப்போட்டது. அதனால் இனிமேல் எட்டுப் பேருடைய மொத்த எடை ஐந்நூற்று அறுபது கிலோவுக்கு மேலே போகக் கூடாதாம். போட்டிக்கு முதல் நாள் நிறுத்துப் பார்ப்பார்களாம்.

அன்றைக்குச் சாயந்தரமே ஸ்டோர் தராசில் ஒவ்வொருவராக ஏறினோம். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நல்ல மனிதர், தடுக்கவில்லை. கூட்டிப் பார்த்தால் ஐந்நூற்று அறுபத்தொன்பது.

"ஒம்போது கிலோ கூட," என்றார் மச்சான்.

எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் மட்டும் எண்பத்தேழு கிலோ.

"கூடுதலா இருக்கிறது எங்க இருக்குன்னு தேட வேண்டியதில்ல," என்றார் முதல் ஆளாக நிற்கிறவர்.

"மாப்ள, சித்திரைக்குள்ள அதைக் கரைச்சிடுங்க," என்றார் மச்சான். "முடியலன்னா ஒங்க எடத்துல லொறிக்காரர நிப்பாட்டணும். எனக்கு வேற வழி தெரியல."

லொறிக்காரர் என்றால் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். நாற்பது வயது, நெட்டையான ஆள், அறுபத்தாறு கிலோ. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, எனக்கு ஆசையெல்லாம் இல்ல. நான் சும்மாதான் எறங்கி வந்தேன்," என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

மூன்று மாதம், ஒன்பது கிலோ. அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதலில் சோற்றை விட்டேன். சோறுதான் சதை போடும், ரொட்டி போடாது என்பது வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரொட்டி காய்ந்த சாமான், தண்ணீர் இல்லை, ஆகவே உடம்பில் ஒட்டாது. இரவில் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்ட இடத்தில் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி ஐந்து சாப்பிட்டேன். மனைவி சுட்டுச் சுட்டுக் கை வலிக்க நின்றாள்.

"என்னங்க, இது பட்டினியா விருந்தா?"

"சோறு தொடலையே."

"கோதுமை மாவு மூட்டைய தொட்டுட்டீங்களே, போதாதா?"

இரண்டாவது, இஞ்சித் தேத்தண்ணி. இஞ்சி கொழுப்பைக் கரைக்கும் என்று போனில் ஒருவர் சட்டியை வைத்துக்கொண்டு காட்டினார். ஸ்டோரில் தேத்தண்ணிக்குப் பஞ்சம் இல்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை குடித்தேன். இஞ்சி காரம் தாங்காமல் கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி போட்டேன். போனில் வந்தவர் சீனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் போய் நிறுத்தேன். எண்பத்தெட்டு.

அப்போதுதான் நான் கண்டுபிடித்தேன், இத்தனை வருடம் கண் முன்னாலே இருந்ததை. கொழுந்து எப்படி எடை குறைகிறது? சூட்டையும் காற்றையும் கொடுத்தால் குறைகிறது. மனிதனுக்கும் அதுதானே. வேர்வை என்பது கொழுப்பு உருகி வெளியே வருவது என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. வாணலியில் போட்ட கொழுப்பு உருகித் தண்ணியாக ஓடுவதைப் பார்த்ததில்லையா?

கீழ் மாடியில் தேயிலை காய்கிற டிரையர் இருக்கிறது. விறகு எரிகிற வாய்க்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் சட்டை ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அங்கே போய் நிற்க ஆரம்பித்தேன். அது போதாதென்று, மழை நாளில் கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பொலித்தீன் படங்கு ஒன்றை மனைவியின் கூடையிலிருந்து எடுத்து, ஜேர்சிக்கு உள்ளே வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். வயிற்றில் இருப்பது முதலில் உருகட்டும் என்று.

ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. தராசு பொய் சொல்லாது. நான் கணக்குப் போட்டேன். தினமும் ஒன்றரை என்றால் ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு மேலே நின்றால் ஆளே இருக்க மாட்டான். மறுநாள் காலையில் நிறுத்தால் பழைய எடை வந்திருந்தது. இரவு ரொட்டியால் வந்திருக்கும் என்று நினைத்து இரண்டு மணி நேரம் நின்றேன்.

அந்த மாதம் தேத்தூள் வாங்குகிற நாளில் மனைவி ஸ்டோருக்கு வந்தாள். வேலை செய்கிறவர்களுக்கு மாதா மாதம் கொடுக்கிற தூள். நான் டிரையர் பக்கத்திலிருந்து ஆடி ஆடி வந்துகொண்டிருந்தேன். முகம் சிவந்து, நடந்தால் வயிற்றில் பொலித்தீன் சரசரவென்று சத்தம் போட்டது.

"என் படங்கு எங்கன்னு நாலு நாளா தேடுறேன்," என்றாள். "மழையில நனைஞ்சுகிட்டு நிக்கிறேன். நீங்க இங்க நெருப்புக்கு முன்னால படங்கு கட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

நான் தராசில் ஏறிக் காட்டினேன். "பாரு, ஒண்ணே முக்கால் குறைஞ்சிருக்கு."

அவள் தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள். எனக்குத் தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். முழுவதும் குடித்தேன். இன்னொரு போத்தலை நிரப்பிக் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

"இப்ப ஏறுங்க."

ஏறினேன். ஒன்றே முக்காலும் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

"மழை நாள்ல ஈரக் கொழுந்த கொண்டு வந்தா, தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ மூணு கிலோ கழிக்கிறாங்க," என்றாள். "நாங்க அதுக்கு எத்தனை சண்டை போட்டிருக்கோம். தண்ணி வேற, கொழுந்து வேறன்னு கணக்கப்பிள்ளைக்கே தெரியுது. ஒங்களுக்குத் தெரியலையே. தண்ணிய எறக்கி வச்சிட்டு கொழுப்பு போச்சுன்னு சந்தோஷப்படுறீங்க."

டீமேக்கர் ஐயா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் படங்கை அவிழ்த்துக் கொடுத்தேன். அதை அவள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அன்றைக்கு இரவு இரண்டு ரொட்டியும் ஒரு சட்டிக் கீரையும் வைத்தாள். மூன்றாவது ரொட்டி கேட்டேன். "நாளைக்கு இருக்கு," என்றாள். தேத்தண்ணியில் சீனியையும் நிறுத்தினாள். முதல் வாரம் அவளோடு பேசவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் பேசாதவன் என்பதால் அது அவளுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் கயிறு பழக்கம் நடந்துகொண்டிருந்தது. ஸ்டோருக்குக் கீழே ஒரு பெரிய டர்ப்பன்டைன் மரம். அதன் கிளையில் கப்பி மாட்டி, கல் நிரப்பின பீப்பாயைக் கட்டி, எட்டுப் பேரும் சேர்ந்து தூக்குவோம். மரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது. பீப்பாய் எந்தக் கோடு வரைக்கும் ஏறுகிறது என்று பார்ப்போம். மச்சானுடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு நாள் விட்டால் ஒரு வாரம் போச்சு, ஒரு வாரம் விட்டால் எல்லாம் போச்சு. மழையோ, தலைவலியோ, சாவு வீடோ, பழக்கம் நடக்கும். நான் அதற்கு மேலே போய், விடியும் முன்னே, வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக் களத்திலிருந்து மேல் மலை வரைக்கும் ஓட ஆரம்பித்தேன். வேலைக்குப் போகிற பெண்கள் வழிவிட்டுச் சிரிப்பார்கள்.

"அண்ணே, யார் தொரத்துறாங்க?"

"விடுடி, அவரு வயித்த விட்டுட்டு ஓடப் பாக்குறாரு."

தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன். கால் வலித்தது, முதுகு வலித்தது. வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று நினைத்தேன். வலிக்காத நாளில் எனக்குப் பயம் வந்தது.

மாசி மாதக் கடைசியில் ஒரு காலை, தொட்டியில் கொழுந்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது. தும்மினேன். அவ்வளவுதான், இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே இருக்கிற மருந்துகாரர் ஐயா முதுகைத் தட்டிப் பார்த்து, கால் மரத்திருக்கிறதா என்று கேட்டு, இரண்டு கேள்வியில் முழுக் கதையையும் வாங்கிவிட்டார்.

"எத்தனை நாளா ஒரு நாள்கூட விடாம இழுக்கிறீங்க?"

"அம்பது நாள் இருக்கும் ஐயா."

"அதோட ஓட்டமும் வேற. பத்து நாளைக்குக் கயிறு கிடையாது, ஓட்டமும் கிடையாது. படுத்தே கிடக்கவும் வேணாம். நோவு விட்டதும் மெதுவா நடங்க."

"பத்து நாள் விட்டா எல்லாம் கொழுப்பாயிடுமே ஐயா."

அவர் எழுதுகிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எது?"

"இழுத்து வந்த சதை. விட்டா அது கொழுப்பா மாறிடும்னு சொல்றாங்க."

"ஆடு மாடாகுமா? சதை வேற, கொழுப்பு வேற. ஒண்ணு மத்ததா மாறாது. ஒங்க மச்சான் கவ்வாத்து வெட்டின மலையில மறுநாளே கொழுந்து எடுக்க விடுவாரா? செடி தேற வேணாமா? போய் அவர்கிட்டயே கேளுங்க."

கேட்க நான் போக வேண்டியிருக்கவில்லை. சாயந்தரம் மச்சானே லயத்துக்கு வந்தார். நான் தரையில் பாயில் கிடந்தேன். மனைவி மருந்துகாரர் ஐயா சொன்னதை அப்படியே அண்ணனிடம் சொன்னாள், கவ்வாத்து மலை உட்பட.

"தேயிலைக்கு எலும்பு கிடையாது," என்றார் மச்சான்.

"அண்ணே, எலும்பு இருக்கிறதுனாலதான் இந்த மனுசன் இப்படி கிடக்குறாரு."

"தங்கச்சி, எனக்கு மாப்ளய புடிக்காதா? பத்து நாள் சும்மா கெடந்தா ஒடம்பு மறந்திடும். நான் என்ன செய்ய? கடைசி எடம் காலியா கெடக்க முடியாது. லொறிக்காரர நிப்பாட்டுறேன். திரும்பி வந்தா பாப்போம்."

"பாப்போம்" என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்று பார்த்தேன், இடுப்பு விடவில்லை.

அந்தப் பத்து நாளில் நான் செய்த கூத்தை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல் எடுத்து, மேல்கையைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டேன். தினமும் காலையில் அளப்பேன். கை சுருங்குகிறதா, மெதுவாகிறதா என்று. அழுத்தியும் பார்ப்பேன். நான்காம் நாள் அரை விரல்கடை குறைந்த மாதிரி தெரிந்தது. வேர்த்துவிட்டது. பிறகு பார்த்தால் நூலை இழுத்துப் பிடித்திருந்தேன்.

சாயந்தரம் ஐந்தரை மணிக்குக் கீழேயிருந்து மச்சானுடைய குரல் கேட்கும். "பிடி... சாய்... இழு." நான் இல்லாமலே பீப்பாய் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். லொறிக்காரர் என் இடத்தில் நிற்கிறார். அவர் தோளில் கயிறு எப்படி விழும், நெட்டையான ஆளுக்கு அது கழுத்தில் உரசுமே என்றெல்லாம் யோசிப்பேன். உரசட்டும் என்றும் ஒரு நாள் நினைத்தேன். அதற்காக வெட்கப்பட்டேன்.

ஐந்தாம் நாள் நோவு விட்டது. மெதுவாகப் பெரட்டுக் களம் வரைக்கும் நடந்தேன். பிறகு கோயில் வரைக்கும். மனைவி வேலை விட்டு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு என்னோடு வருவாள். மலையில் நாள் முழுக்க ஏறி இறங்கினவள் எனக்காக இன்னும் நடந்தாள். தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சும்மா நடப்பது கிடையாது. எல்லோரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்று அவள் சொல்வாள், யாரும் நம்பவில்லை.

பத்து நாளும் இரண்டு ரொட்டி, ஒரு அகப்பைச் சோறு, பருப்பு, கீரை, சீனியில்லாத தேத்தண்ணி. நன்றாகத் தூங்கினேன். ஓடவில்லை, இழுக்கவில்லை. பதினொன்றாம் நாள் தராசில் ஏறும்போது எண்பத்தேழை எதிர்பார்த்துத்தான் ஏறினேன். எண்பத்து மூன்றரை இருந்தது. இறங்கித் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன். அதேதான். இந்தத் தடவை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன்.

அன்று சாயந்தரம் மரத்தடிக்குப் போனேன். மச்சான், "வாங்க மாப்ள," என்றார். லொறிக்காரர் உடனே கயிற்றை என் தோளில் போட்டுவிட்டார். அவர் கழுத்தில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. உடம்பு மறந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறக்கவில்லை. முதல் இழுவையிலே பீப்பாய் நாங்கள் போட்டிருந்த கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் மேலே போய்க் கிளையில் முட்டியது. முதுகு லேசாக இருந்தது. கால் மண்ணைப் பிடித்தது. பலத்தைப் பத்து நாளாகச் சேர்த்து வைத்ததுபோல் இருந்தது. மச்சான், "கல்லு கொறஞ்சு போச்சா, எவனாவது எடுத்தீங்களா?" என்று பீப்பாயை எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் வாரத்தில் நாலு நாள்தான் இழுத்தேன். மச்சானுக்குப் பிடிக்கவில்லை. "இடையில இடையில லீவு போடுறவரு" என்று எனக்குப் பெயர் வைத்தார். அவர் ஒரு நாளும் விடவில்லை. பழக்கம் முடிந்ததும் அங்கேயே ஒரு சாப்பாடு நடக்கும். இழுத்த உடம்புக்குத் தின்ன வேண்டும், எரிந்ததைத் திரும்ப ஊற்ற வேண்டும் என்பது மச்சானுடைய இன்னொரு சட்டம். பனிஸ், ரோல்ஸ், கடலை, சீனி போட்ட பால் தேத்தண்ணி. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கதை பேசிச் சாப்பிடுவார்கள். எனக்குக் கூட்டத்தில் உட்காரக் கூச்சம். கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு நழுவிவிடுவேன்.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் விழாக் குழு ஆட்கள் இரண்டு பேர் ஸ்டோருக்கு வந்தார்கள். முதலில் நான் ஏறினேன். எண்பத்தொன்று. ஆறு கிலோ குறைந்திருந்தது. ஒன்பது இல்லைதான், ஆனாலும் என் வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரும் என் வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்கள். பாக்கி மூன்று கிலோவை ஏழு பேர் ஆளுக்கு அரைக் கிலோவாகக் குறைத்திருப்பார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாகத் தினமும் இழுத்தவர்கள் அல்லவா.

ஒவ்வொருவராக ஏறினார்கள். குழு ஆள் கூட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் பேனையை நிறுத்திவிட்டு மறுபடி கூட்டினார்.

"ஐந்நூற்று அறுபத்தெட்டு."

மூன்று மாதத்தில் எங்கள் கூட்டம் குறைந்தது ஒரே ஒரு கிலோ. நான் ஆறு கிலோ இறக்கினேன். மற்ற ஏழு பேரும் சேர்ந்து ஐந்து கிலோவை ரோல்ஸும் பனிஸுமாக ஏற்றிவிட்டார்கள். அதில் மூன்று கிலோ மச்சானுடையது. எழுபத்தாறிலிருந்து எழுபத்தொன்பது.

"அது சதை," என்றார் மச்சான், வயிற்றைத் தடவிக்கொண்டு. "பழகின சதை. கனமாத்தான் இருக்கும்."

"தலைவரே, சதை இருக்க வேண்டிய எடம் அது இல்ல," என்றார் முதல் ஆள்.

குழு ஆள், மாற்று ஆள் இருந்தால் ஒருவரை மாற்றலாம், சாயந்தரத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். லொறிக்காரர் பெயர் ஏற்கெனவே மாற்று ஆளாக இருந்தது. அவரைச் சேர்த்து கனமான ஒருவரை எடுத்தால் எடை சரியாகிவிடும். கனமானவர்கள் என்றால் இரண்டே பேர். நானும் மச்சானும்.

மச்சான் தலைவர். அவர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் என் தோளில் கை போட்டு, "மாப்ள, நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்க. ஆனா லீவு போட்ட ஒடம்ப நம்பி நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

நான் என்ன சொன்னேன் என்பதை அங்கே இருந்தவர்கள் பிறகு பல தடவை எனக்கே சொல்லிக் காட்டினார்கள். அந்த நேரத்தில் என் காதுக்கே என் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"மச்சான், கயித்தப் பிடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் கையை எடுத்தார். "என்ன?"

"நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நிக்கிறவங்க நாளைக்கு இழுக்கட்டும்."

"அட, வாயத் தொறந்துட்டாரு," என்று யாரோ சொன்னார்கள். லொறிக்காரர் அதற்குள் கயிற்றை எடுக்க ஓடிவிட்டார்.

மரத்தடியில் இழுத்தோம். மச்சான் பலமுள்ள மனிதர், பொய் சொல்லக் கூடாது. முதலில் ஒரு அடி என்னை இழுத்தார். நான் குதிகாலைப் புதைத்துச் சாய்ந்து காத்திருந்தேன். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது தோள் இறங்குவது தெரிந்தது. கயிறு என் பக்கம் மெதுவாக வந்தது. அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனேன். அவர் முழங்காலில் விழுந்தார்.

ஒருவரும் கை தட்டவில்லை. நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் அவரைத் தூக்கப் போனேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாசியிலேருந்து வலி," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியல."

"சொல்லலையே மச்சான்."

"சொன்னா நிப்பாட்டச் சொல்லுவாங்க. நிப்பாட்டினா எல்லாம் போயிடும்னு நெனச்சேன்."

"பத்து நாள்ல ஒண்ணும் போகல."

"அதான் பாத்தேனே." பிறகு, "ஒங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க," என்றார். வலியில் உறவு முறையே அவருக்கு மாறிவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், தோளைப் பிடித்துக்கொண்டே.

குழு ஆட்களிடம் அவரே போய்ச் சொன்னார். மூன்றாவது இடத்தில் லொறிக்காரர், கடைசியில் நான், பக்கத்தில் நின்று குரல் கொடுக்கிற ஆள் அவர். ஐந்நூற்று ஐம்பத்தைந்து கிலோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "கயிறு புடிச்சீங்களாமே எங்கண்ணனோட?" என்று கேட்டாள். எனக்கு முன்னாலே செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. "ஆமா," என்றேன். அன்றைக்கு மூன்றாவது ரொட்டி கேட்காமலே வந்தது. பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் முதல் போட்டியில் ஜெயித்தோம், இரண்டாவதில் தோற்றோம். மூன்று மணிக்கு மழை வந்தது, லொறியில் ஏறித் தோட்டத்துக்கு வந்தோம். மச்சான் டிஸ்பென்சரிக்குப் போனார், மூன்று வாரம் தோளை அசைக்க வேண்டாம் என்றார்கள்.